பற்றைக்கு அப்பால் ஒரு குசினி வெளிச்சம்

வெள்ளவத்தையில் நான் குடியிருந்த ஒழுங்கையின் கடல்பக்க முனையில் ஒரு பற்றை இருந்தது. பற்றை என்றதும் நாலு செடி என்று நினைக்க வேண்டாம். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் எரித்த வீடொன்றின் காணி அது. மதிலில் பாதி ஒழுங்கைக்குள் சரிந்து கிடந்தது. கூரை போன இடத்தில் ஆமணக்கும் எருக்கலையும் எழும்பி நின்றன. சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்டார். காணிக்குள் வளர்ந்தது காணியோடு நிற்கவில்லை. சரிந்த மதில் வழியாக நடைபாதைக்கு வந்து, தெருவிளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, குப்பை போடக் கூடாது என்று மாநகரசபை நட்டிருந்த பலகையையும் மூடிவிட்டது. பலகை மறைந்த பிறகு எல்லாரும் நிம்மதியாகக் குப்பை போட்டார்கள்.

மாநகரசபைக்காரர் வரவே இல்லை என்று பழி சொல்ல மாட்டேன். வருவார்கள். மழைக்கு முன்னால் ஒரு டிராக்டர் வரும், அதில் கத்தியோடு இரண்டு பேர் இருப்பார்கள், பின்னால் குடையோடு ஓர் ஓவசியர் நடந்து வருவார். கம்பத்தைத் தொட்ட கொடியை மட்டும் வெட்டுவார்கள். மற்றது தனியார் காணி, அதில் கை வைக்க முடியாது என்பார் ஓவசியர். நடைபாதையில் நிற்பதும் அதே செடிதானே என்று ஒருநாள் என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். "வேர் உள்ளே இருக்கிறது, மிஸ்" என்றார். வெட்டிய இடத்தில் அது இரண்டாகக் கிளைத்து வந்தது. டிராக்டர் போன பிறகு நான் தனியாக நின்று அந்த மனிதரை ஏசிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் ஏசுவதற்குக்கூட எனக்குப் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை.

எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. யாழ்ப்பாணத்தில் அம்மாவும் ஐயாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அண்ணன்மார் இருவரும் வெளிநாட்டில். கல்யாணம் சரிவரவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். இரண்டு மாடி வீடொன்றின் பின்பக்கத்தில் ஓர் அறை, அதோடு ஒட்டி அடுப்பு வைக்க ஒரு மூலை. மேலே வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், மனைவியோடு இருந்தார். பற்றைப் பக்கம் பார்த்த மேல்மாடி யன்னல்களை அவர் எண்பத்துமூன்றுக்குப் பிறகு பலகை வைத்து ஆணியடித்துவிட்டார். கீழே என் யன்னல் ஒன்றுதான் அந்தப் பக்கம் திறந்திருந்தது.

நான் வந்த புதிதில் பற்றை இடுப்பளவுதான். அதற்கு அப்பால் அடுத்த ஒழுங்கை வீடொன்றின் பின்பக்கமும் குசினி யன்னலும் தெரியும். அந்த யன்னலில் ஒரு முஸ்லிம் பெண்ணை முதலில் கண்டேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். தலையில் முந்தானை, கையில் எப்போதும் ஏதாவது ஒரு பாத்திரம். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள். கடையில் அப்படி யாரோ கூப்பிடக் கேட்டு நானும் அவரை ராத்தா என்றேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எரிந்த காணியின் நடுவில் போன ஒற்றையடிப் பாதையில் நான் இந்தப் பக்கம் இருந்து போவேன், அவர் அந்தப் பக்கம் இருந்து வருவார். பழைய வீட்டின் படிக்கட்டு ஒன்று மிஞ்சியிருந்தது. அதில் குந்தி இருந்து கதைப்போம். நான் காணிக்குள் படர்ந்திருந்த முசுட்டை இலையைப் பிடுங்கிக்கொண்டு போய் வறை வறுத்தால் அவருக்கும் கொஞ்சம் கொடுப்பேன். "இது என்னத்த எல? ஆடு திங்கிறதல்லவா?" என்று சிரித்துக்கொண்டே வாங்குவார். நோன்பு காலத்தில் ஒரு சின்ன வாளியில் கஞ்சி கொண்டுவந்து தருவார். பல்லில் கடிபடும் இஞ்சித் துண்டும் ரம்பையின் மணமுமாக இருக்கும். கணவர் இல்லை. மகன் ஒருவன் கப்பலில் வேலை, மகள் கல்யாணமாகித் தள்ளிப் போய்விட்டாள். என்னைப் போலத்தான் அவரும்.

இரண்டு மழை வந்து போனதும் பாதை மூடுண்டுவிட்டது. சீமைக்கிளுவை தலைக்கு மேலே போனது. நாயுண்ணி முள்ளு சீலையைப் பிடித்து இழுத்தது. உள்ளே பாம்பு என்று ஒருவர் சொன்னார், அதைவிட மோசமானது இருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். அந்த வருஷங்களில் நகரத்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. கவனிப்பாரற்றுக் கிடக்கும் எந்தப் பையையும் எந்தப் பற்றையையும் ஆட்கள் சுற்றித்தான் போனார்கள்.

அப்படியென்றால் வெட்டுவதற்கு என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு கத்தி வாங்கி, ஆள் பிடித்து, பாதை அளவுக்காவது துப்புரவாக்குவோம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"உதில மட்டும் கை வையாதேங்கோ பிள்ளை. தமிழ் ஆக்கள் கத்தியோட பத்தைக்குள்ள நிக்கினம் எண்டு ஆரும் சொன்னால் போதும். என்ன தாட்டனீங்கள், என்ன எடுத்தனீங்கள் எண்டு கேப்பாங்கள்."

"அப்ப முனிசிப்பலுக்கு முறைப்பாடு குடுப்பமே?"

"பேர் விலாசம் கேப்பாங்கள். பிறகு இந்த வீட்டில எத்தினை பேர், எங்கயிருந்து வந்தவை, பொலிஸில பதிஞ்சிருக்கோ எண்டு வரும். வளர்ந்தால் வளரட்டும். அது எங்களை என்ன செய்யுது?"

அவரை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் யன்னலே இல்லையே. ஒழுங்கையில் இருந்த அத்தனை வீடும் அதே மாதிரி. வீட்டுக்குள் இருந்து நுளம்பை ஏசுவார்கள், நாற்றத்தை ஏசுவார்கள், மாநகரசபையை ஏசுவார்கள். வெளியே வந்தால் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பற்றை அவ்வளவு செழிப்பாக வளர்ந்ததற்கு மழையைவிட எங்கள் பயம்தான் காரணம்.

பாதை முற்றாக அடைபட முன் கடைசியாகக் கதைத்தபோது ராத்தா முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றார். முழங்கால் வருத்தம், சுற்றி வர அவரால் முடியாது. நான் சுற்றிப் போவதென்றால் காலி வீதிக்கு ஏறி, சந்தியில் இருந்த சென்றிச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு தரமும் அடையாள அட்டையைக் காட்டி, எங்கே, எதற்கு என்று பதில் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் கந்தோருக்குப் போய்வருவதற்கே அந்தக் கேள்விகள் போதும் என்றிருந்தது.

அவர்தான் வழி சொன்னார். "தங்கச்சி, சுபஹுத் தொழுகைக்கு எழும்பி நான் குசினில லைட்டுப் போடுவன் தானே. அதக் கண்டா நான் சொகமா ஈக்கிறன்டு நெனச்சிக்கோங்க. நீங்களும் ஒங்கட லைட்டப் போடுங்க. நானும் ஒங்களப் பத்தி அப்பிடியே நெனச்சிக்கிறன்."

அப்படித்தான் தொடங்கியது. விடிய முன் விழித்துக் கட்டிலில் இருந்தபடி யன்னலைப் பார்த்திருப்பேன். இலைகளுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழும். நான் எழும்பிப் போய் என் லைற்றைப் போடுவேன். பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பேன். கேட்பவருக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியும். எனக்கு அது அப்படி இல்லை. கந்தோரில் எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் குண்டு வெடித்த மறுநாள் என் மேசைப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். அண்ணன்மார் எப்போதாவது வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு எடுப்பார்கள், மேலே போய் வீட்டுக்காரருக்கும் மனைவிக்கும் நடுவில் நின்று சுகம் சொல்லிவிட்டு வருவேன். அவ்வளவுதான். அந்த நகரத்தில் நான் உயிரோடு எழும்பினேனா என்று பார்க்க ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தில்தான் பல நாள் எழும்பினேன்.

பற்றை இன்னும் அடர்ந்தது. யன்னல் மறைந்தது, அவர் உருவம் மறைந்தது, வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. நோன்பு மாதம் ஒன்று வந்து போனது. கஞ்சி வரவில்லை. பாதை இல்லாமல் எப்படி வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் சில நாள் முந்தியும் சில நாள் பிந்தியும் விழுந்தது. முழங்கால் வருத்தம் கூடியிருக்கும், பாவம் என்று நினைத்தேன். ஒருமுறை ஓர் ஆண் இருமும் சத்தம் கேட்டது. மகன் கப்பலால் வந்துவிட்டான் போல என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெளிச்சம் தெரிந்தால் சுகம் என்றுதானே பேச்சு. தெரிந்துகொண்டுதானே இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை டிராக்டர் சத்தம் கேட்டது. பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு. கத்தி பிடித்த ஆட்கள் ஒரு பட்டாளம் இறங்கினார்கள். அதே ஓவசியர், குடை இல்லாமல், அவசரமாக நின்றார். அவருக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு பொலிஸ்காரர் சிலர். அன்றைக்கு வேர் உள்ளேயா வெளியேயா என்று யாரும் பார்க்கவில்லை. சீமைக்கிளுவை சரிந்தது, ஆமணக்கு சரிந்தது. தெருவிளக்குக் கம்பம் வெளியே வந்தது. குப்பைப் பலகையும் வந்தது, அதைச் சுற்றி இடுப்பளவு குப்பையும் வந்தது. இத்தனை வருஷமாக முடியாதது ஒரு காலைப்பொழுதில் முடிந்ததே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள், ஓடிப்போய் முகம் கழுவித் தலை இழுத்துக்கொண்டு வந்து யன்னலில் நின்றேன். ராத்தாவைப் பார்க்கப் போகிறேன் அல்லவா. மெலிந்திருப்பாரா, என்னை அடையாளம் தெரியுமா என்றெல்லாம் யோசித்தேன்.

கடைசிக் கிளையும் விழுந்தபோது எதிரே குசினி யன்னல் தெரிந்தது. அதில் பெனியனும் காக்கிக் காற்சட்டையும் போட்ட ஒருவன் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால் சுவரில் தொப்பிகள் தொங்கின. வாசலில் மண் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கையில் கண்ணாடியோடு அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உடனே திரும்பி யாரையோ கூப்பிட்டு என் யன்னலைச் சுட்டிக் காட்டினான்.

அவர்கள் வந்து கதவைத் தட்டியபோது எனக்கு இன்னும் விஷயம் விளங்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒருவரும் இரண்டு பேரும். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது.

"நீங்க தானே காலைல லைட் போடுறது?"

"ஓம் சேர், நான்தான் போடுறனான்."

"எங்க ஆள் அங்க லைட் போட்டா, ஒடனே நீங்க இங்க லைட் போடுறது. ஒவ்வொரு நாளும். யாருக்கு சிக்னல் குடுக்கிறது?"

அப்போதுதான் விளங்கியது. கடற்கரை ரயில் தண்டவாளத்துப் பக்கம் காவலை இறுக்கியபோது அந்த வீடு வெறுமையாகக் கிடந்திருக்கிறது. பின்பக்கத்தைப் பொலிஸார் எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் காவல் மாறும்போது குசினியில் லைற் போட்டுத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார்கள். அவர்கள் போடும் ஒவ்வொரு தரமும் பற்றைக்குள்ளிருந்து யாரோ பதில் சொல்வதுபோல ஒரு வெளிச்சம் விழுந்திருக்கிறது. நான் எவ்வளவு ஆசையோடு போட்டேனோ அவ்வளவு பயத்தோடு அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பற்றை வெட்டப்பட்டதும் அதனால்தான்.

 அந்த நாட்களில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு உள்ளே போனவர்கள் உண்டு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார், நாங்கள் சிநேகிதம், பாதை மூடுண்டதால் லைற் போட்டுச் சுகம் விசாரிப்போம், அவர் போனது எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அந்த நோனாட பேர் சொல்லுங்க. நாங்க விசாரிக்கிறது."

ராத்தா என்றேன்.  ராத்தா என்பது பெயர் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஞாயிறு ஞாயிறாக அந்தப் படிக்கட்டில் இருந்து எவ்வளவு கதைத்திருப்போம். மூத்த ஒருவரிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. முறை சொல்லிக் கூப்பிட்டாயிற்று, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

"பேர் தெரியாது சேர்."

"பேர் தெரியாத ஆளுக்கு ஒவ்வொரு நாளும் லைட் போடுறது?"

அவருக்கு வலது முழங்காலில் வருத்தம் என்றேன். கஞ்சிக்கு இஞ்சி கூடப் போடுவார் என்றேன். மகன் கப்பலில் என்றேன். எந்தக் கப்பல் என்று கேட்டார், தெரியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிய கதை மாதிரி இருந்தது. மேலே இருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். "வாடகைக்கு இருக்கிறா சேர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆரோட பழகிறா எண்டு நாங்கள் பாக்கிறேல்லை" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எழுதுகிறேன், ஆனால் அந்தச் சொல் இன்னும் குத்துகிறது.

கடைசியில் இன்ஸ்பெக்டர் ஒரு காரியம் செய்தார். ஒருவனை எதிரே அனுப்பி, பட்டப்பகலில் அந்த லைற்றைப் போடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் செய்கிறதைச் செய்யுங்கள் என்றார். நான் எழும்பிப் போய் என் சுவிட்சைப் போட்டேன். அவ்வளவுதானா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"இந்த லைட்ல என்ன சொல்லுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தமிழில் சொன்னால் நம்ப மாட்டாரோ என்று சிங்களத்தில் சொன்னேன். "மம இன்னவா." நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

 என்னைப் பொலிஸுக்குக் கூட்டிப்போய் வாக்குமூலம் எடுத்து, மாலையில் விட்டுவிட்டார்கள். விடும்போது இன்ஸ்பெக்டர், இனிமேல் அந்த நேரத்தில் லைற் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வரும் வழியில் சந்திக் கடை முதலாளியிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "அவங்களா? மக வந்து ஹெந்தளைப் பக்கம் கூட்டிப் பெய்த்திட்டா. எவ்வளவு நாளாச்சி. போற அண்டு பத்தைக்கிட்ட நிண்டு தங்கச்சி, தங்கச்சின்டு கூப்பிட்டுக்கொண்டே ஈந்தாங்க. வேல நாள் தானே, நீங்க எங்க ஈப்பீங்க? வீட்டுல செல்லிட்டுப் போகவும் ஒங்கட பேர் தெரியாதுண்டாங்க." அரை இறாத்தல் பாணைச் சுற்றித் தந்துவிட்டு, அவர் அடுத்த ஆளைக் கவனித்தார்.

வெட்டியதை மாநகரசபை அள்ளிக்கொண்டு போகவில்லை. அள்ளுவது வேறு பகுதியாம். கிளைகள் கழிவுநீர்க் கானை அடைத்துக்கொண்டு ஒழுங்கையோரம் கிடந்து, வாடி, கறுத்து, மழையில் ஊறி நாறின. காணி மொட்டையாகக் கிடந்தது. நாங்கள் குந்தியிருந்த படிக்கட்டு அந்த வெளிக்கு நடுவில் தனியாகத் தெரிந்தது. ஹெந்தளைக்குப் போய்த் தேடலாம் என்று பஸ் வரைக்கும் போனேன். பெயர் இல்லாமல் யாரிடம் போய் என்னவென்று கேட்பது? திரும்பி வந்தேன்.

பொலிஸிலிருந்து வந்த மறுநாள் விடியற்காலை வழக்கம்போல விழிப்பு வந்தது. லைற் போடவில்லை. இருட்டில் தடவித்தான் கேத்திலை வைத்தேன். எதிரே குசினியில் வெளிச்சம் விழுந்தது. இடையில் ஓர் இலைகூட இல்லை. நான் நாற்காலியில் அசையாமல் இருந்தேன். சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம் வந்து, யன்னல் கம்பிகளில் பட்டு, உள்ளே நுழைந்து, என் முகத்தில் நின்றது.  பிறகு அணைந்தது. ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்த நாளும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது.

முதலில் பயந்தேன். பிறகு எரிச்சல்பட்டேன். யன்னலுக்குச் சீலை கட்டலாம் என்று நினைத்தேன், மறைத்தால் அதற்கும் ஒரு விசாரணை வரும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் காய்ச்சலோடு எழும்ப முடியாமல் கிடந்தேன். கந்தோரில் தேட மாட்டார்கள், மேலே உள்ளவர்களுக்குத் தெரியாது. விடியற்காலை அந்த வெளிச்சம் வந்தது. நாற்காலியில் என்னைக் காணவில்லை. போகாமல் நின்று, சுவரில், கதவில், அடுப்பு மூலையில் என்று அறை முழுக்கத் தேடியது. நான் கட்டிலில் கிடந்தபடியே கையை உயர்த்திக் காட்டினேன். கை தெரிந்ததும் அது அணைந்துவிட்டது.